கதவுக்கு வெளியே கேட்காத பக்கம்

பள்ளிக்கூடம் விட்டு மணி அடித்தால் மற்ற டீச்சர்களுக்கு உயிர் வரும். எனக்கு அப்போதுதான் போகும். மேலப்புதூரிலிருந்து மெயின்கார்டு கேட் வரை நடை. அங்கே ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது. ஏறினால் உட்கார இடம் இருக்காது. காவேரிப் பாலத்தில் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகும். வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படியில் தளிகை வேலை, குழந்தைகள், மாமனாருக்குப் பலகாரம், அதற்கப்புறம் திருத்த வேண்டிய கணக்கு நோட்டுகள். இது ஐம்பதுகளின் கடைசியில். அப்போது எனக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனால் யாராவது என்னைப் பார்த்து "உக்காருங்க" என்று சொன்னால் அழுதுவிடுவேன் போல இருக்கும். யாரும் சொன்னதில்லை.

மதர் சொன்னார். மதர் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை, கன்னியாஸ்திரி. அவர் உட்காரச் சொன்னால் கூடுதல் வேலை வருகிறது என்று அர்த்தம்.

"உக்காருங்க டீச்சர். நீங்க பாடுவீங்கதானே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி கத்துக்கிட்டது மதர். பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பாடினதோட சரி."

"அது போதும்" என்றார் மதர், எதற்குப் போதும் என்று சொல்லாமலே.

அறையில் இன்னொருவரும் இருந்தார். எங்கள் பியானோ டீச்சரின் கணவர். ரயில்வேயில் கணக்கு ஆபீஸில் வேலை. பியானோ டீச்சர் இறந்து நான்கைந்து மாதம் ஆகியிருந்தது. ஆசிரியைகள் அறையில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. பத்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், ஆனால் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். இடைவேளையில் அவர் மேஜை மேல் தலை சாய்த்துக்கொண்டு "அலுப்பா இருக்குங்க" என்பார். நான் "எனக்குந்தான்" என்பேன். எங்கள் நட்பு இந்த இரண்டு வாக்கியத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கணவர் மேஜை மேல் இரண்டு சாமான்களை வைத்திருந்தார். ஒன்று கையால் சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டி. இன்னொன்று, கனமான அட்டை போட்ட ஆல்பம். அதற்குள் நான்கு இசைத்தட்டுகள். இரண்டையும் பள்ளிக்குக் கொடுத்துவிட வந்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால் அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"இது சிம்பொனின்னு சொல்லுவா" என்றார். "பொன்மலையில ஒரு ரயில்வே தொரை இருந்தாரு. அவரு பொண்ணுக்கு இவதான் பியானோ சொல்லிக்கொடுத்தா. அவங்க சீமைக்குப் போறப்ப இதைக் கொடுத்துட்டுப் போனாங்க. அவங்ககிட்ட பெரிய மெஷின் இருந்துச்சு. தட்டுங்கள அடுக்கி வெச்சா அதுவா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பாடும். மெஷினை எடுத்துட்டுப் போயிட்டாங்க, தட்டுங்களை மட்டும் இவளுக்குன்னு கொடுத்தாங்க."

பிறகு அவர் கேட்க வந்ததைக் கேட்டார். அதைக் கேட்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பியானோ டீச்சருக்குக் கொடைக்கானலில் ஒரு பெரிய பள்ளியில் வேலை வந்ததாம். நல்ல பியானோ, நல்ல சம்பளம், தங்க இடம். இவர்தான் வேண்டாம் என்றிருக்கிறார். இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்தால் குடும்பம் என்ன ஆவது என்று. பியானோ டீச்சர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதற்கப்புறம் உடம்பு மெலிய ஆரம்பித்தது. தினம் சாயங்காலம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இந்த நான்கு தட்டுகளையும் போட்டுக் கேட்பாராம். சாகிற வாரம் வரைக்கும்.

"எனக்குப் பாட்டும் ஒண்ணுதான், தந்தி அடிக்கிறதும் ஒண்ணுதான் டீச்சர். அவ என்ன கேட்டா, அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. எம்மேல கோவத்துல கேட்டாளா, இல்ல மனசு ஆறிக் கேட்டாளா? பாட்டுத் தெரிஞ்சவங்க கேட்டுட்டு சொன்னா..."

மதர் என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன்.

"சார், எனக்குத் தெரிஞ்சது கர்நாடக சங்கீதம். அதுவும் அரைகுறை" என்றேன்.

"பாட்டு பாட்டுதானே டீச்சர்" என்றார் மதர். வாய்ப்பாடு தெரிந்தவர் எந்தக் கணக்கையும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டபின் பியானோ அறையில் உட்கார்ந்து கேட்பது என்று முடிவாயிற்று. துணைக்கு மதர் மூலையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். பியானோ டீச்சரின் கணவர் வரவில்லை. அதைக் கேட்கத் தைரியம் இல்லை என்றார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னால் போதுமாம்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் சிரித்தார். "இங்கிலீஷ்காரன் பாட்டா? உனக்கா? சரி, எப்ப முடியும்?"

"தெரியாது."

"சீக்கிரம் முடிச்சுட்டு வா. அப்பாவுக்கு ராத்திரி சாப்பாடு நாழியாச்சுன்னா ஆகாது."

முதல் வியாழக்கிழமை ஆல்பத்தைத் திறந்தபோது எனக்குப் பியானோ டீச்சரின் கணவர் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் அச்சடித்த வட்டத்தின் மேல் வெள்ளைக் காகிதம் வெட்டி, மைதாப் பசை தடவி, கொஞ்சமும் கோணாமல் ஒட்டியிருந்தார். முதல் தட்டின் முன்பக்கம் 1, பின்பக்கம் 2. அடுத்த தட்டு 3, 4. அப்படியே 8 வரை. கணக்கு ஆபீஸ் கையெழுத்து. மனைவி தடுமாறக் கூடாது என்று தட்டுகள் வந்த வாரமே ஒட்டிக்கொடுத்தாராம். ஆல்பத்தின் உள் அட்டையில் ஏதோ குறிப்பு இருந்தது. பூச்சி அரித்தது போக, இங்கிலீஷ்காரர் ஒருவர் வயதான காலத்தில், யுத்தம் முடிந்த கையோடு எழுதியது என்று மட்டும் மதரால் படிக்க முடிந்தது.

சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். அம்மாடி! கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சண்டைக்கு எழுந்த மாதிரி இருந்தது. யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே புரியவில்லை. மதர் ஜெபமாலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட இருக்காது, பாதிச் சண்டையில் தட்டு முடிந்துவிட்டது. திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கம். ஒன்றுமே இல்லை. பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்துக் காதைக் கிட்டே கொண்டுபோனேன். ஊசி உராயும் இரைச்சலுக்கு அடியில் வயலின்கள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. நோயாளி தூங்குகிற வீட்டில் மற்றவர்கள் பேசிக்கொள்வது போல. அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுத்த தட்டு, மறுபடி சண்டை. அதன் பின்பக்கம், மறுபடி முணுமுணுப்பு. மூன்றாவது தட்டில் யாரோ விடாமல் கதவைத் தட்டுவது போல மூன்று மூன்று அடியாக ஒரு முரசு, திருப்பினால் குழல்கள் துரத்திக்கொண்டு ஓடுகிற ஓட்டம். நான்காவதிலும் முரசு வந்தது, எங்கோ உச்சத்துக்குப் போய்க் கத்திவிட்டு ஓய்ந்தது. கடைசியாக, எட்டு என்று ஒட்டியிருந்த பக்கம். அதில் மறுபடி குழலும் எக்காளமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. துள்ளல் என்றால் அப்படி ஒரு துள்ளல்.

என் கைதான் வலித்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் சாவி கொடுக்க வேண்டும். நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய கை.

நான்கு வியாழக்கிழமை கேட்டேன். முதலில் ஸ்ருதி தேடினேன், கிடைக்கவில்லை. தாளம் போட்டுப் பார்த்தேன், பிடிபடுவது போல வந்து நழுவிற்று. ராகம் கேட்கவே வேண்டாம். பிறகு ஒருநாள் காலையில், மாமனார் சேவித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அவர் கோயில் கோஷ்டியில் இருந்தவர். தினம் விடிகாலையில் பாசுரங்கள் சொல்வார். அதில் அந்தாதி என்று ஒன்று உண்டு. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதே சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டின் கடைசிச் சொல் திரும்பவும் முதல் பாட்டின் முதல் சொல்லில் வந்து நிற்கும். முடிவும் தொடக்கமும் அங்கே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும் இது.

இந்த இங்கிலீஷ்காரரும் அதைத்தான் செய்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். ஒவ்வொரு சண்டைக்கும் முதுகிலேயே ஒரு அமைதியை ஒட்டிவைத்திருக்கிறார். கோபம் வருகிறது, திருப்பினால் அமைதி. கோபம், அமைதி. அப்படியே பழகிப் பழகிக் கடைசியில் எல்லாம் கரைந்து வெறும் விளையாட்டாகிறது. பக்கம் முடிகிற இடமெல்லாம் கத்தரியால் வெட்டியது போல நிற்கிறதே, ஒன்றின் வால் அடுத்ததின் தலையில் பொருந்தவில்லையே என்று ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. வெள்ளைக்காரர் பாட்டு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் வேலையை முடிக்க வேண்டியிருந்தது.

மதர் பியானோ டீச்சரின் கணவரை வரவழைத்தார். நான் சொன்னேன். கோபம் இருந்திருக்கிறது சார், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் கோபத்தோடு நிற்கவில்லை, முடிகிறபோது சந்தோஷமாகத்தான் முடிகிறது என்றேன்.

அந்த மனிதருடைய முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"ஆமா டீச்சர்" என்றார். "எனக்கே ஞாபகம் இருக்கு. கதவுக்கு வெளிய நின்னா கேக்கும். கடைசியில ஓடிப்பிடிச்சு விளையாடற மாதிரி ஒரே ஆர்ப்பாட்டமா இருக்கும். அதோட முடிஞ்சிடும். நீங்க சொல்றது சரிதான்."

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? எனக்கே என் மேல் ஒரு பெருமை வந்துவிட்டது. அவர் அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் மனைவிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். ஆசிரியைகள் அறைக்கு ஒரு டின் பிஸ்கட் வந்தது. நான் பஸ்ஸுக்கு ஓடுகிற பழைய ஓட்டத்துக்குத் திரும்பினேன்.

"முடிஞ்சுதா?" என்றார் என் கணவர்.

"முடிஞ்சுது" என்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பியானோ அறையின் சுவரெல்லாம் ஈரம். அந்தச் சமயத்தில் பியானோ டீச்சரின் கணவர் மறுபடி வந்தார், ஒரு காகிதத்தோடு. கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கிறிஸ்தவர்கள் கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்குள் மனைவியின் கல்லறையில் கல் பதிக்க ஏற்பாடு செய்திருந்தார். பெயருக்குக் கீழே வெட்ட ஒரு வரி எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'இசையின் மகிழ்ச்சியில் இறைவனடி சேர்ந்தாள்.'

"நீங்க சொன்னதைத்தான் டீச்சர் எழுதியிருக்கேன். பிழை இருந்தா திருத்திக் கொடுங்க. திங்கக்கிழமை கல்லு வெட்டறவர் வேலையை ஆரம்பிச்சிடுவாரு."

பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் போனபின், கல்லில் ஏறப்போகிற வரி ஆயிற்றே, இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று பியானோ அறைக்குப் போய் ஆல்பத்தைத் திறந்தேன். ஈரத்தில் பசை விட்டு, முதல் தட்டின் பின்பக்கத்துக் காகிதம் பாதி எழும்பியிருந்தது. அதை அழுத்தி ஒட்டப் போனவள் அடியில் இருந்ததைப் பார்த்தேன். அவர் 2 என்று ஒட்டியிருந்த இடத்துக்கு அடியில், அச்சில், 8 என்று இருந்தது.

மற்றவற்றையும் உரித்துப் பார்த்தேன். ஒன்றின் முதுகில் எட்டு. இரண்டின் முதுகில் ஏழு. மூன்றின் முதுகில் ஆறு. நான்கின் முதுகில் ஐந்து. எந்தத் தட்டை எடுத்தாலும் இரண்டு பக்கமும் கூட்டினால் ஒன்பது. கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. தொரை வீட்டு மெஷினில் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழும் என்றாரே, அந்த மெஷினுக்கென்று அடித்த தட்டுகள் இவை. முன்பக்கங்கள் நான்கும் வரிசையாகப் பாடி முடித்தபின், அடுக்கை மொத்தமாகத் திருப்பி வைத்தால் பின்பக்கங்கள் நான்கும் பாடும். இவர் ஒவ்வொரு தட்டையும் முன்னும் பின்னுமாக எண் போட்டு ஒட்டியிருக்கிறார். நான் அந்த எண்ணை வேதமாக நம்பி, அதற்கு ஒரு அந்தாதியும் கட்டிவிட்டேன்.

பியானோ டீச்சருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் இருக்கும். இசை படித்தவர். இரண்டாம் பக்கத்தைப் போட்ட கணமே தெரிந்திருக்கும். கணவர் ஆசையாக ஒட்டிக்கொடுத்த காகிதத்தை உரிக்காமல், அதைச் சட்டை செய்யாமல், தனக்குத் தெரிந்த வரிசையில் போட்டுக் கேட்டிருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அந்த நிமிஷம் நன்றாகப் புரிந்தது. சொல்லலாம். சொன்னால் விளக்க வேண்டும். விளக்கினால் அவர் முகம் வாடும். வாடினால் சமாதானம் செய்ய வேண்டும். அதற்கெல்லாம் தெம்பு வேண்டுமே.

அந்தச் சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டுச் சரியான வரிசையில் கேட்டேன். சண்டை, ஒரே மூச்சில் பொங்கி ஓய்ந்தது. முரசு வந்து கதவைத் தட்டித் தட்டி உச்சத்துக்குப் போயிற்று. அதற்குப் பின்னால்தான் அந்தத் துள்ளல். இந்தத் தடவை அது விளையாட்டாகப் படவில்லை. பித்துப் பிடித்தது போல ஓடுகிற ஓட்டம். நான் தினம் பஸ்ஸுக்கு ஓடுகிறேனே, அந்த மாதிரி. அது முடிந்ததும் கடைசி இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. வெட்டியது போல நிற்கவில்லை, ஒன்றின் வால் மற்றதின் தலையில் அழகாகப் பொருந்திற்று. கிட்டத்தட்டப் பத்து நிமிஷம் ஒரு வாத்தியம்கூடக் குரலை உயர்த்தவில்லை.

அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ராகம் தெரியாது, தாளம் தெரியாது, எழுதியவர் யார் என்று தெரியாது. ஆனால் அதை எனக்குத் தெரியும். துக்கம் என்றால் எங்காவது விம்மும். கோபம் என்றால் எங்காவது சுருக்கென்று குத்தும். மன்னிப்பு என்றால் எங்காவது இளகும். இதில் எதுவும் இல்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எழுந்து போய்ப் படுக்கவும் தெம்பில்லாமல் வெறித்துக்கொண்டிருப்போமே, அது. வெறும் அலுப்பு. ஒரு கிழவர், ஒரு பெரிய யுத்தத்தைப் பார்த்து முடித்த அலுப்பு. பத்து வருஷம் என் பக்கத்து நாற்காலியில் தலை சாய்த்துக் கிடந்ததும் அதுதான். நான் அதற்கு "எனக்குந்தான்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த மனுஷன் நிம்மதியா இருக்கார். கல்லுல நாலு நல்ல வார்த்தை இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? பேசாம விட்டுடு" என்றார்.

அவர் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரியை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வந்தது. இசையின் மகிழ்ச்சியாம். பியானோ டீச்சர் இருந்தவரை அவர் அலுப்பை ஒருவரும் காதில் வாங்கவில்லை. செத்த பிறகும் கல்லை வைத்து வாயை மூடுகிறோம். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த பொய்யை வெட்டி!

வெள்ளிக்கிழமை மதரிடம் சொல்லி டீச்சரின் கணவரை வரச்சொன்னேன். ஆபீஸ் முடிந்து, நனைந்த குடையோடு வந்தார். நான் தட்டுகளைக் காட்டினேன். உரித்த காகிதங்கள் எட்டையும் மேஜை மேல் வைத்தேன். அவர் ஒன்றும் எட்டுமாகக் கூட்டிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை, அவரும் கணக்குக்காரர்தானே.

"நான் ஒட்டிக்கொடுத்த அன்னிக்குச் சிரிச்சா டீச்சர்" என்றார். "'நல்லா இருக்கே'ன்னா."

"நான் சொன்னது தப்பு சார். சரியான வரிசையில ஒரு தடவை நீங்களே கேளுங்க. அப்புறம் கல்லுல என்ன எழுதறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க."

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. பியானோ அறையில், பியானோவுக்கு முன்னால் இருந்த முக்காலியில், கோயிலில் உட்காருவது போல முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார். மதர் மூலையில் இருந்தார். நான் சாவி கொடுத்தேன், ஊசியை வைத்தேன், எடுத்தேன், மாற்றினேன். சண்டை நடந்தது. முரசு தட்டிற்று. ஓட்டம் தொடங்கியதும் அவர் தலையை ஆட்டினார்.

"இதுதான். இது கேக்கும் வெளிய."

ஓட்டம் முடிந்தது. நான் ஏழாம் பக்கத்தைப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்திருக்கப் போனார்.

"முடிஞ்சிடுச்சா டீச்சர்?"

"இல்ல சார். பாடிக்கிட்டிருக்கு. கிட்ட வந்து கேளுங்க."

வந்தார். பெட்டியின் மேல் குனிந்தார். இரைச்சலுக்கு அடியில் அந்த முணுமுணுப்பு அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் முகம் மாறிற்று. இப்போது கோபமா, மன்னிப்பா என்று கேட்பார், "அலுப்பு சார், வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வேண்டும் என்று நான் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"இங்கதான் நான் கதவைத் தொறப்பேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"தட்டு மாத்தற நேரம் போக, அதுக்கு மேலயும் சத்தம் வரலைன்னா முடிஞ்சுதுன்னு வெச்சுக்குவேன். டானிக்கும் ஸ்பூனும் எடுத்துக்கிட்டுக் கதவைத் தொறப்பேன். 'அலுப்பா இருக்கு, அலுப்பா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளே, அதுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த டானிக். நான் உள்ள வந்ததும் ஊசியைத் தூக்கிடுவா. 'முடிஞ்சுதா?'ன்னு கேப்பேன். 'முடிஞ்சுது'ம்பா. வாயைத் தொறப்பா. ஊத்துவேன்."

மதரின் ஜெபமாலை நின்றிருந்தது.

"தினமும் டீச்சர்" என்றார். "ஒருநாள் தவறாம."

ஏழாம் பக்கம் முடிந்து ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எட்டாம் பக்கம் பாக்கி. அந்தக் கடைசி மாதங்களில் பியானோ டீச்சர் ஒருநாளும் கேட்டிராத பக்கம். நான் எழுந்து தட்டை எடுக்கப் போனேன். என் கையைப் பார்த்தாரோ, முகத்தைப் பார்த்தாரோ, தெரியவில்லை.

"நீங்க உக்காருங்க டீச்சர்" என்றார். "நான் சாவி கொடுக்கறேன்."

தட்டை மாற்றினார். பழக்கமில்லாத கையால் சாவி கொடுத்து ஊசியை வைத்தார். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் நின்றபடியே கேட்டார். கடைசியில் இரண்டே இரண்டு சப்தங்கள் மாறி மாறி, தேய்ந்து தேய்ந்து போய், எந்த இடத்தில் நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஊசி உராய்ந்துகொண்டே இருந்தது. யாரும் போய் எடுக்கவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நான்காக மடித்தார். "கல்லுல பேரு மட்டும் போதும்" என்றார். பெட்டியையும் ஆல்பத்தையும் பள்ளிக்குக் கொடுக்கவில்லை. மழையில் நனையாமல் குடைக்குள் அணைத்து எடுத்துக்கொண்டு போனார்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன. மாமனார் அடுப்படி வாசலில் வந்து நின்று ஒரு தடவை இருமிவிட்டுப் போனார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"முடிஞ்சுதா?"

முடிந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பழக்கம். சொல்லியிருந்தால் அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பார், நான் அடுப்பு மூட்டப் போயிருப்பேன். பையைத் தரையில் வைத்தேன். அவருக்கு எதிரே, புடவைகூட மாற்றாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"இல்லை" என்றேன். "பேப்பரைக் கீழே வையுங்கோ. சொல்றேன், கேளுங்கோ."